மூன்று மைல் தூரத்துச் சாமி

கூத்தமங்கலம் ரோடு என்கிற ஊரில் கூத்தமங்கலத்தைத் தேடிக்கொண்டு இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது கிழக்கே மூன்று மைல் தள்ளி இருக்கிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு பொட்டல்காட்டில் ஸ்டேஷனைக் கட்டிவிட்டு, பெயர் வைக்க ஊர் இல்லாததால் பக்கத்து ஊரின் பெயரை வாங்கிப் பலகையில் எழுதி, கூடவே ஒரு ரோட்டையும் ஒட்டிவிட்டார்கள். ஸ்டேஷன் வந்து, அப்புறம்தான் ஊர் வந்தது. தண்டவாளம் போட வந்தவர்கள், கரி இன்ஜினுக்குத் தண்ணீர் ஏற்ற வந்தவர்கள், கேட் சாத்த வந்தவர்கள், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை தூக்க வந்தவர்கள் என்று வந்தவர்களெல்லாம் அங்கேயே குடிசை போட்டு, பிறகு ஓடு போட்டு, இப்போது கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். மண்ணின் மைந்தன் என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை.

ஆகவே அந்த ஊருக்கு ஒரு வினோதமான வழக்கம். ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஊரே காலியாகிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஆட்களுக்கு அந்த ஒரு நாள்தான் குலதெய்வம் கும்பிட லீவு கிடைத்ததாம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பானையும் படியும் சேவலுமாகக் குடும்பம் குடும்பமாகப் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு கூட்டம் தெற்கே போகும், ஒரு கூட்டம் வடக்கே போகும். எந்த வீட்டுக்காரன் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கேயிருந்து வந்தான் என்பதை அன்றைக்கு அவன் வாங்குகிற டிக்கெட்டே சொல்லிவிடும்.

அந்த டிக்கெட்டைக் கொடுக்கிறவள் வேணி. ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகமெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது அது வெறும் ஹால்ட். பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கும், கமிஷனுக்கு ஓர் ஆள் டிக்கெட் விற்கும். கண்டாச்சிபுரம் பக்கத்தில் பிறந்து, பி.காம். படித்து, தென்னரசைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்தவள். ஒரு நாளைக்கு நாலு வண்டி. மிச்ச நேரத்துக்கு வேலை கிடையாது. வேணிக்கோ எதையும் ஏன், எப்படி என்று குடையாவிட்டால் சோறு இறங்காது. தண்ணி டேங்க் வீட்டுக்காரர்கள் ஏன் காட்பாடி வழியாகப் போகிறார்கள், மண்டிக்காரர்கள் ஏன் விருத்தாசலத்தில் இறங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நாற்பத்தோரு குடும்பத்தின் பூர்வீகம் அந்த நோட்டில் ஏறியிருந்தது. ஏறாதது ஒரே குடும்பம். அது அவளுடைய குடும்பம்தான்.

கல்யாணமான முதல் ஆடியில் அவளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாமனார், கணவனோடு விழுப்புரத்துக்கு வண்டி ஏறினாள். ஜங்ஷனில் இறங்கினார்கள். கடைசிப் பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்துபோய் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். சாப்பிட்டதும் தென்னரசு துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தான். மாமனார் வெளியே போய்ப் பூக்கடையில் குங்குமம் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் நெற்றியில் இட்டுக்கொண்டு சாயங்கால வண்டியில் ஊர் திரும்பிவிட்டார்கள். கோயில் எங்கே என்று வேணி ரயிலில் கேட்டபோது தென்னரசு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம், என்ன ஊர், என்ன சாமி என்று யாருக்கும் தெரியாதாம். ஊரே கிளம்பும்போது ஒரு வீடு மட்டும் கிளம்பாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று தாத்தா காலத்திலிருந்து இப்படி ஒரு போக்குவரத்து நடக்கிறதாம். வேணிக்கு அன்றைக்குச் சிரிப்பாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் குறைமாதத்தில் பிறந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா இனி நம் கையில் இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். வேணி வராந்தாவில் நின்றுகொண்டு, குலதெய்வமே, என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடு, முதல் முடி உனக்குத்தான் என்று வேண்டிக்கொண்டாள். பொண்ணு பிழைத்தாள். கலைப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். இப்போது ஐந்தாவது வயசு நடக்கிறது. முடி முதுகைத் தாண்டித் தொங்குகிறது. வாரிவிட உட்கார்ந்தால் பிள்ளை தெருவே கேட்க அழுகிறாள். மொட்டை ஒற்றைப்படை வயசில்தான் போடவேண்டும், இந்த ஆடியை விட்டால் இனி ஏழு வயசுக்குத்தான்.

மயிலத்துக்குப் போய் முருகனுக்குப் போட்டுவிடலாம் என்று தென்னரசு சொன்னான். குலதெய்வம் தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்தான். ஆனால் வேணி முருகனிடம் கேட்கவில்லையே. கேட்டது ஒருவரிடம், கொடுப்பது இன்னொருவரிடமா? சாமி கண்ணைக் குத்தும் என்கிற பயம் அவளுக்கு அவ்வளவாக இல்லை. பிள்ளையின் உயிருக்காகச் சொன்ன சொல்லை யாரிடம் போய்ச் சொல்லி முடிப்பது என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மாமனார் பெயர் மண்ணாங்கட்டி. ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டையரானவர். தண்டவாளத்தில் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பூர்வீகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். வேணி விடவில்லை. காப்பி கொடுக்கும்போது ஒரு கேள்வி, வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது ஒரு கேள்வி என்று வாரக்கணக்கில் போட்டுப் பார்த்தாள். தஞ்சாவூரில் எந்தத் தாலுகா என்று கேட்டாள். நம் வீட்டில் ஒருவர் பேச்சில்கூடத் தஞ்சாவூர் வாடை இல்லையே, அது எப்படி என்று கேட்டாள். மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த வீட்டில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. ரோட்டுக்காரர்களுக்கு ரேஷன் கடை கூத்தமங்கலத்தில். எல்லாரும் ஷேர் ஆட்டோ ஏறிப் போய் அரிசி வாங்கி வருவார்கள். இவர்கள் வீட்டு அரிசியை மட்டும் பக்கத்து வீட்டுக் கவிதா வாங்கிவந்து கொடுப்பாள். மண்ணாங்கட்டி அறுபத்தெட்டு வயசில் ஒரு நாள்கூட அந்த ஊருக்குள் போனதில்லை. மகனையும் விட்டதில்லை. அங்கே பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, கால் வைக்கக் கூடாது என்பது அவருடைய அப்பா சொன்னது. அப்பாவுக்கு அவருடைய அப்பா சொன்னது. ஏன் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. வேணி மாதிரி ஒரு மருமகள் இந்த வீட்டுக்கு முன்னமே வந்திருந்தால் விஷயம் எப்போதோ வெளியே வந்திருக்கும்.

வெளியே வந்தது ஆனி மாதக் கடைசியில், டிக்கெட் ஜன்னலில்தான். கூத்தமங்கலத்துத் தாண்டவராயன் திண்டிவனத்துக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போக வந்திருந்தார். பத்து ஏக்கரில் மல்லாட்டையும் கரும்பும் வைத்திருக்கிற விவசாயி, நல்ல பேச்சுக்காரர். வண்டி நாற்பது நிமிஷம் லேட். வேணிக்கு வேறென்ன வேண்டும்? உங்க ஊர் பேரில் ஒரு ஸ்டேஷனை உங்க ஊரிலிருந்து மூணு மைல் தள்ளி ஏன் வைத்தார்கள் என்று கேட்டாள். அவர் உற்சாகமாகிவிட்டார்.

“அது எங்க பாட்டனுக்குப் பாட்டன் பண்ண வேலம்மா. லைனு எங்க ஊரு வழியாத்தான் போறதா இருந்துச்சாம். அவரு ஆபீசர புடிச்சி தள்ளிப்போட வெச்சிட்டாரு. ரயிலு பக்கத்துல வந்தா படியாளுங்க ஓடிருவாங்கன்னு பயம்.”

படிக்கணக்கில் நெல் வாங்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்த ஆட்களைத்தான் அவர் சொல்கிறார் என்று வேணிக்குத் தெரியும். அப்புறம் ஓடினார்களா என்று கேட்டாள்.

தாண்டவராயன் சிரித்தார். “ஒருத்தன் ஓடிட்டான். தாது வருஷப் பஞ்சம், நூத்தம்பது வருசம் இருக்கும். பொண்டாட்டி புள்ளய இட்டுக்கினு ராவோட ராவா மூணு மைலு நடந்து கேங்கு வேலைல சேந்துட்டான். ரயில்வே வேலிக்குள்ள பூந்துட்டா வெள்ளக்காரன் ஆளு. இழுத்துக்கினு வர முடியுமா? நான் தஞ்சாவூரான்னு சொல்லி சாதிச்சிட்டானாம். எங்க வீட்ல இன்னிக்கும் சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க.”

வேணிக்குச் சிரிப்பு வரவில்லை. தஞ்சாவூர் என்று காதில் விழுந்ததுமே ஓடியவர் யார் என்று புரிந்துவிட்டது. அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை, தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான். இருந்தாலும் ஜன்னலைப் பட்டென்று சாத்திவிடலாமா என்று அவளுக்குக் கோபம் வந்தது. சில்லறையையும் டிக்கெட்டையும் தள்ளிவிட்டு, வண்டி போனதும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தோரு குடும்பமும் தூரத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ரயில் வேண்டும். இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் ரயிலே வேண்டாம். நடந்தே போய்விடலாம். போகக்கூடாது என்று வைத்திருக்கிற ஊர் ஒன்றே ஒன்றுதான், அதுதான் சொந்த ஊர். பொய்யாகப் பிளாட்பாரக் கோடியில் போய் உட்கார்ந்ததெல்லாம், பண்ணை ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஆரம்பித்தது.

அன்று சாயங்காலமே மாமனாரிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். தாண்டவராயன் சிரித்ததை மட்டும் விட்டுவிட்டாள். மண்ணாங்கட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். மறுநாள் விடியற்காலை ரிட்டையரான மனுஷர் சுத்தியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக வெகுதூரம் நடந்துபோய்விட்டு வெயில் ஏறித் திரும்பினார். மூன்றாம் நாள்தான் பதில் வந்தது.

“புள்ளைக்கு நீ வேண்டிக்கின. நீ போய் செஞ்சிட்டு வாம்மா. வோணான்னு சொல்லல. வண்டில வர்றேன். ஆனா எறங்க மாட்டேன்.”

ஏன் மாமா என்று அவள் கேட்கவில்லை. ஆறு வருஷத்தில் வேணி கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஆடி மூன்றாவது ஞாயிறு. ஊரே பானையும் சேவலுமாகப் பிளாட்பாரத்தில் நின்றது. வேணி எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தாள். மண்டிக்காரம்மா எட்டிப் பார்த்து, நீங்க கிளம்பலியா என்றாள். கிளம்பிட்டோம், எங்களுக்கு ஷேர் ஆட்டோவே போதும் என்று சொல்லிவிட்டு, வண்டி போனதும் வேணி ஜன்னலைச் சாத்தினாள். ஆட்டோவில் மண்ணாங்கட்டி, தென்னரசு, வேணி, பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி எடுக்கவேண்டும் என்பதால் வேணியின் தம்பி அன்புச்செல்வன் பைக்கில் முடிதிருத்துகிறவரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். மூன்று மைல் போகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிஷத்தைக் கடக்க இவ்வளவு காலமா என்று வேணி நினைத்துக்கொண்டாள்.

கூத்தமங்கலத்துக் காலனியில் பழைய ஆள் யார் என்று விசாரித்ததற்கு சவுரிராயன் வீட்டைக் காட்டினார்கள். வாசல் நிலைக்கு மேலே மாதா படம். அந்த ஆளின் கழுத்தில் ஜெபமாலை. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறின குடும்பத்திடம் போய் எங்கள் குலதெய்வம் எங்கே என்று எப்படிக் கேட்பது? இருந்தாலும் கேட்டாள். ரோட்டிலிருந்து வருகிறோம், பஞ்ச காலத்தில் இங்கிருந்து ஒருவர் ரயில் வேலைக்குப் போனாராம், அவர் வழியில் வந்தவர்கள் நாங்கள், எங்கள் சாமியைத் தேடுகிறோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

சவுரிராயன் அவளைப் பார்த்தார், பிள்ளையின் முடியைப் பார்த்தார். உள்ளே திரும்பி, ஜெயம், காலையில் காய்ச்சின கூழைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வா என்று மனைவியிடம் சொன்னார். பிறகு முன்னால் நடந்தார். ஆட்டோ அவர் பின்னாலேயே மெல்ல உருண்டது.

ஏரிக்கரை ஓரம், மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே, ஒரு பனைமரத்தடியில் மூன்று செங்கல் நட்டிருந்தது. குங்குமம் இல்லை, மஞ்சள் இல்லை. ஆனால் சுற்றிலும் புல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. பச்சைவாழியம்மன் என்றார் சவுரிராயன். வேணி அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஐந்து வருஷமாகப் பெயர் தெரியாமல் தான் பேசிக்கொண்டிருந்தது இவளிடம்தானா?

இங்கே பூஜை யார் செய்கிறார்கள் என்று கேட்டாள்.

“பூசை இல்லம்மா. எங்க தாத்தா காலத்துலயே நாங்க மாறிட்டோம். சாமி இப்ப எங்களுது இல்ல. ஆனா பங்கு உங்களுது. அத நிறுத்த எங்களுக்கு இன்னா ரைட்டு?”

அவளுக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். ஆடியில் கேப்பைக் கூழ் காய்ச்சினால் பங்காளிகள் ஐந்து வீட்டுக்கும் ஐந்து செம்பு. ஆறாவது செம்பு ஒன்றை ஊற்றி இந்தப் பனைமரத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். ரயிலுக்குப் போனவர் பங்கு. சாயங்காலம் மாட்டுக்கு ஊற்றிவிடுவார்கள். சாமியை விட்ட பிறகும் அதை விடவில்லை.

தென்னரசு மாலை போட்டான். வேணி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அன்புச்செல்வன் சம்மணம் போட்டுப் பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொண்டான். முடிதிருத்துகிறவர் கத்தியைத் தீட்டிவிட்டு, வீட்டுப் பெரியவர் வந்து முதல் முடியைத் தொட்டுக் கொடுக்கவேண்டும் என்றார். எல்லாரும் ஆட்டோவைப் பார்த்தார்கள். மண்ணாங்கட்டி உள்ளேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். தென்னரசு போய்க் கூப்பிட்டான். வேணி போய்க் கையைப் பிடித்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். கண்ணில் நீர் நின்றது. ஆட்டோவின் படிக்கும் தரைக்கும் அரை அடிதான்.

அந்த நேரத்தில் ஜெயம் செம்போடு வந்தாள். சவுரிராயன் வாங்கிப் பனைமரத்தடியில் வைத்தார். வருஷா வருஷம் செய்கிற பழக்கத்தில், ரயில் லைன் இருக்கிற மேற்குத் திசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மண்ணாங்கட்டி பங்கு வெச்சிருக்குது. வந்து எடுத்துக்கோ.”

ஆட்டோவுக்குள் கிழவர் விலுக்கென்று நிமிர்ந்தார். அவர் பெயரை அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. அது அவருடைய தாத்தாவின் பெயர். அந்தத் தாத்தாவுக்கும், பஞ்ச காலத்தில் ஓடிவந்த அவருடைய தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு மண்ணாங்கட்டி இறங்கினார். இறங்கி, நேராகச் சவுரிராயனிடம் போய் நின்றார். தன் பெயரைச் சொன்னார். சவுரிராயன் அவர் முகத்தையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவரு போன பிற்பாடு இங்க இருந்தவங்கள இன்னா பண்ணாங்க?” என்று மண்ணாங்கட்டி கேட்டார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டது அவர்தான்.

சவுரிராயன் மறைக்கவில்லை. போனவருடைய வேலையையும் அவருடைய அண்ணன் தலையிலேயே கட்டினார்களாம். சாகிற வரைக்கும் ரெண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்தாராம்.

“நாங்க அந்த அண்ணன் வழி. எங்க அப்பா கூழு ஊத்தறப்போ திட்டிக்கினேதான் ஊத்துவாரு. அவரு அப்பாவும் அப்டித்தானாம். ஆனா ஊத்தாம வுட்டதில்ல.”

மண்ணாங்கட்டி கையைக் கூப்பினார்.

“இப்ப நேருல வந்துட்டேன். திட்டுங்க.”

சவுரிராயன் குனிந்து செம்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“மொதல்ல கூழக் குடிண்ணே. திட்டறதுக்கு நாளு இருக்குது.”

அவர் நின்றபடியே குடித்தார். பாதிக்கு மேல் இறங்கவில்லை, விக்கியது. ஜெயம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், அதையும் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பேத்தியின் தலையில் கையை வைத்தார். முடி கொத்துக் கொத்தாக அன்புச்செல்வனின் மடியில் விழுந்தது. கலைப்பிரியா வீட்டில் அழுகிற மாதிரி அழவில்லை. தலை லேசானதில் ஆச்சரியப்பட்டுத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். வேணி சந்தனத்தைக் குழைத்துப் பிள்ளையின் தலையில் பூசினாள். மூன்று செங்கல்லுக்கு முன்னால் மண்டியிட்டதும் வேண்டிக்கொள்ள அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

“கொண்டாந்துட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.